'விவசாய நிலம் நீங்கலாக': ஒரு சட்ட வாசகத்தின் வரலாறு

1937 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) நடைமுறைச் சட்டத்தை நம்மில் பலரும் அறிவோம். நிக்காஹ், தலாக், மஹர், வாரிசுரிமை, வக்ஃபு ஆகியவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே தீர்ப்பின் அளவுகோல் என்று உறுதி செய்த சட்டம் அது. ஆனால், அச்சட்டத்தின் இரண்டாவது பிரிவில் அடைப்புக்குறிக்குள் இடம்பெற்ற ஒரு சிறு வாசகத்தை நம்மில் சிலரே கவனித்திருப்போம். 'விவசாய நிலம் பற்றிய வினாக்கள் நீங்கலாக' என்பதே அந்த வாசகத்தின் பொருள்.

அன்றைய இந்தியாவில் சொத்து என்றாலே பெரும்பாலும் நிலம்தான். வயலும் தோப்பும் புஞ்சையுமே ஒரு குடும்பத்தின் செல்வம். அவற்றை நீக்கிவிட்டு, எஞ்சிய சொத்தில் ஷரீஅத் நடைமுறைப்படும் என்பது, பந்தி விரித்துச் சோற்றைப் பரிமாறாமல் விடுவதற்கு ஒப்பாகும். இவ்விலக்கு ஏன் வந்தது, சென்னை மாகாணத்தில் எப்போது நீங்கியது, பரம்பரை நிலத்தின் மீது வரி விதிக்க அரசு முற்பட்டபோது இதே வேலி அரசையும் எவ்வாறு தடுத்தது, அத்தடையை அது எவ்வளவு விரைவாக அகற்றிக்கொண்டது என்பனவற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

வழக்காறு என்னும் சுவர்

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் 7 ஆம் வசனம், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது குறைவாயினும் நிறைவாயினும் சரியே என்னும் கட்டளையை வழங்குகிறது. 11, 12 ஆம் வசனங்கள் பங்குகளை அளவிட்டுக் கூறுகின்றன. நிலம் வேறு, பொருள் வேறு என்ற பாகுபாடு அவற்றில் எங்கும் இல்லை.

ஆயினும், இந்த நாட்டின் நீதிமன்றங்களில் மார்க்கச் சட்டத்தோடு வழக்காறும் போட்டியிட்டது. இதற்குப் பழைய சான்று 1847 ஆம் ஆண்டு பம்பாய் உச்ச நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட கோஜா, மேமன் வழக்காகும். தந்தையின் சொத்தில் திருக்குர்ஆன் வகுத்த பங்கைக் கோரி மகள்கள் நீதிமன்றம் வந்தனர். அச்சமூகங்களில் பெண்களுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் இல்லை எனக் கூறி, நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி வழக்காற்றின் பக்கமே தீர்ப்பளித்தார். மார்க்கம் தந்ததை ஊர் வழக்கம் பறித்துக்கொண்டது. அதற்கு நீதிமன்றத்தின் முத்திரையும் கிடைத்தது.

பஞ்சாபில் நிலை இன்னும் கடுமையாக இருந்தது. 1872 ஆம் ஆண்டின் பஞ்சாப் சட்டங்கள் சட்டம், வாரிசுரிமையில் வழக்காற்றையே முதல் விதியாக அமைத்தது. நிலவுடைமைக் குடும்பங்களில் மகன்கள் இருக்க மகளுக்கு நிலத்தில் பங்கில்லை என்பது அங்கு பரவலான வழக்கம். மகளைக் கட்டிக்கொடுத்தால் நிலம் வேற்றுக் குடும்பத்துக்குப் போய்விடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நாம் நம் ஊர்களிலும் கேட்டதில்லை என்று சொல்ல இயலாது.

சென்னை மாகாணத்தின் நிலை சற்று வேறுபட்டது. 1873 ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்குகளில் முஸ்லிம் சட்டத்தையே பின்பற்றச் சொன்னது. ஆனால், சட்ட வலிமை பெற்ற வழக்காறு ஏதும் இருப்பின் அதற்கும் இடமளித்தது. எனவே, இங்கு முஸ்லிம் சட்டமே இயல்பான விதி. மாறான வழக்காறு உண்டு என்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் சிலரிடையே நிலவிய மருமக்கத்தாயம் அத்தகைய வழக்காறுகளில் குறிப்பிடத்தக்கது. தாய்வழித் தறவாடு முறையை ஷரீஅத்தோடு இணக்கப்படுத்தச் சென்னை மாகாணம் 1918 இல் மாப்பிள்ளை வாரிசுரிமைச் சட்டத்தையும், 1939 இல் மாப்பிள்ளை மருமக்கத்தாயச் சட்டத்தையும் இயற்றியது. வழக்காற்றைச் சட்டத்தால் திருத்தும் பழக்கம் இம்மாகாணத்துக்குப் புதிதன்று என்பதை இவை காட்டுகின்றன.

வேலி எங்கிருந்து வந்தது?

1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், நடுவண் சட்டமன்றத்துக்கும் மாகாணங்களுக்கும் இடையே அதிகாரங்களைப் பட்டியலிட்டுப் பிரித்தது. உயில், வாரிசுரிமை ஆகியன இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் வைக்கப்பட்டன. ஆனால், 'விவசாய நிலம் தவிர' என்ற நிபந்தனை அங்கே சேர்க்கப்பட்டது. விவசாய நிலம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு எவ்வாறு இறங்குகிறது என்பது முற்றிலும் மாகாணங்களின் பொறுப்பாயிற்று. வரிகளிலும் இதே பிரிவினைதான். வாரிசுகள் அடையும் சொத்தின் மீதான வரியில், விவசாய நிலம் மாகாணத்துக்கு, ஏனைய சொத்து நடுவண் அரசுக்கு என்று கோடு கிழிக்கப்பட்டது. மாகாணத் தன்னாட்சி 1937 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டில்தான் ஷரீஅத் சட்டமும் வந்தது. மத்திய சட்டமன்றத்தில் அம்மசோதாவைக் கொண்டுவந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த ஹாஃபிஸ் முஹம்மது அப்துல்லாஹ். வழக்காறு தங்கள் உரிமைகளைப் பாதிக்கிறது என்று முஸ்லிம் பெண்களின் அமைப்புகள் கண்டனம் தெரிவித்திருப்பதை மசோதாவின் நோக்க உரை சுட்டியது. ஜம்இய்யத்துல் உலமாவின் ஆதரவும் அதற்கு இருந்தது. பெண்களின் முறையீடே இச்சட்டத்தின் வேர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1937 அக்டோபர் 7 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, எந்தச் சொத்தில் பெண்கள் பெரிதும் பங்கிழந்தார்களோ அந்தச் சொத்தே அதன் எல்லைக்கு வெளியே நின்றது. நடுவண் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது சட்டக் காரணம். பஞ்சாபின் பெரு நிலவுடைமையாளருக்கு அந்தக் காரணம் வசதியாகவும் அமைந்தது.

இதனால் விவசாய நிலத்தில் ஷரீஅத்தே செல்லாது என்றாகிவிடவில்லை. வழக்காற்றை ஒதுக்கித் தள்ளும் வலிமை இச்சட்டத்துக்கு நிலத்தின் மீது இல்லை என்பதுதான் விளைவு. பழைய விதி எங்கு எப்படி இருந்ததோ, நிலத்தைப் பொறுத்தவரை அங்கு அப்படியே தொடர்ந்தது. பஞ்சாபின் மகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சென்னையின் மகளுக்குப் பங்கு இருந்தது. ஆனால், எதிர்த்தரப்பு வழக்காறு ஒன்றைக் காட்டி வழக்காடும் வாயில் திறந்தே கிடந்தது.

சகோதரச் சமயத்துப் பெண்களுக்கும் அதே தடை

இந்த வேலி முஸ்லிம் பெண்களை மட்டும் தடுக்கவில்லை. அதே 1937 இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமும் வந்தது. கணவனை இழந்த பெண்ணுக்கு அவன் சொத்தில் பங்கு தந்த அச்சட்டத்தில் விவசாய நிலம் பற்றிய விலக்கு ஏதும் எழுதப்படவில்லை. 'சொத்து' என்று மட்டுமே இருந்தது. அச்சட்டம் செல்லுமா என்ற வினாவைக் கவர்னர் ஜெனரல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் தலைமையிலான அந்நீதிமன்றம் 1941 இல் தன் கருத்தைத் தந்தது. சட்டம் செல்லும், ஆனால், 'சொத்து' என்பது விவசாய நிலம் நீங்கலான சொத்து என்றே பொருள்படும் என்பது அதன் முடிவு. முஸ்லிம் பெண்களுக்கு எழுத்தில் இருந்த விலக்கு, இந்துப் பெண்களுக்கு நீதிமன்றத்தின் விளக்கத்தால் வந்து சேர்ந்தது.

ஆக, இரு சமயத்துப் பெண்களும் ஒரே வரப்பின் அருகில் நிறுத்தப்பட்டனர். மாகாணங்கள் முன்வந்து தனித்தனியே சட்டம் இயற்றினாலன்றி அந்த வரப்பைத் தாண்ட வழியில்லை.

அரசின் வரிக்கு வந்த அவசரம்

இங்குதான் நம் சிந்தனைக்குரிய ஒரு நிகழ்வு வரலாற்றில் இடம்பெறுகிறது. இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்தின் மீது வரி விதிப்பது பிரிட்டனில் பழகிப்போன முறை. 1894 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் மூலம் வில்லியம் ஹார்கோர்ட் அங்கு 'எஸ்டேட் டியூட்டி' என்னும் மரணச் சொத்து வரியைக் கொண்டுவந்தார். சொத்தின் அளவுக்கேற்ப 1 சதவீதம் முதல் 8 சதவீதம் வரை அது அமைந்தது. இந்தியாவிலும் அத்தகைய வரி பற்றி 1924-25 இல் சார்லஸ் டாட்ஹண்டர் தலைமையில் அமைந்த வரி விசாரணைக் குழு ஆராய்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசின் பணத் தேவை பெருகியபோது அந்த எண்ணம் மீண்டும் தலைதூக்கியது.

வாரிசு வரிக்கும் மரணச் சொத்து வரிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிய வேண்டும். வாரிசு வரி என்பது ஒவ்வொரு வாரிசும் பெறும் பங்கின் மீது விதிக்கப்படுவது. மரணச் சொத்து வரியோ, பங்கு பிரிக்கும் முன்னரே, இறந்தவர் விட்டுச் சென்ற மொத்தச் சொத்தின் மீது விதிக்கப்படுவது. 1935 ஆம் ஆண்டின் பட்டியல்களில் முதல் வகைதான் இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வகை எங்கும் இல்லை. ஆகவே, அந்த வரியை விதிக்க நடுவண் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற வினா 1944 இல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்றது. பட்டியலில் உள்ள வாரிசு வரி இந்த வரியை உள்ளடக்காது என்றே கருத்துரைக்கப்பட்டது.

பின்னர் நடந்தது என்ன? லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே கூடி, 1945 இல் இந்திய (எஸ்டேட் டியூட்டி) சட்டத்தை நிறைவேற்றி, 1935 ஆம் ஆண்டின் பட்டியல்களைத் திருத்திவிட்டது. நடுவண் பட்டியலில் விவசாய நிலம் தவிர்த்த சொத்தின் மீதான மரணச் சொத்து வரியும், மாகாணப் பட்டியலில் விவசாய நிலத்தின் மீதான மரணச் சொத்து வரியும் புதிதாகச் சேர்க்கப்பட்டன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இறந்தவரின் சொத்திலிருந்து அரசு தன் பங்கை எடுக்கப் பட்டியல் தடையாக இருந்தபோது, ஓராண்டுக்குள் கடல் கடந்த நாடாளுமன்றம் அந்தப் பட்டியலையே திருத்தியது. அதே சொத்திலிருந்து இறைவன் வகுத்த பங்கை மகள் எடுக்க அதே பட்டியல் தடையாக இருந்தபோது, லண்டன் நாடாளுமன்றம் அசையவில்லை. திருத்த முடியாத சட்டம் என்று ஒன்று இல்லை. திருத்த வேண்டும் என்ற மனம் யாருக்காக எழுகிறது என்பதே வினா.

சென்னை மாகாணம் நீக்கிய வாசகம்

இந்த வேலியை அகற்றிய மாகாணங்களுள் நம் சென்னையும் ஒன்று என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும். 1947 ஆம் ஆண்டின் 26 ஆம் எண் சட்டத்தின் மூலம், இந்துப் பெண்களின் சொத்துரிமையைச் சென்னை மாகாணம் விவசாய நிலத்துக்கும் விரிவாக்கியது. அடுத்து, 1949 ஆம் ஆண்டின் 18 ஆம் எண் சட்டத்தின் மூலம் ஷரீஅத் சட்டத்தின் இரண்டாவது பிரிவைத் திருத்தியது. 'விவசாய நிலம் நீங்கலாக' என்னும் வாசகம் சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை எடுத்தெறியப்பட்டது. வீடு, கடை, ரொக்கம், நகை ஆகியவற்றைப் போலவே நஞ்சையும் புஞ்சையும் தோப்பும் ஷரீஅத்தின்படியே பங்காகும். அதற்கு மாறான எந்த வழக்காறும் செல்லாது என்பது சட்டமாயிற்று. 1937 இலிருந்து எண்ணினால் பன்னிரண்டு ஆண்டுகள்.

பிற பகுதிகளின் வரலாறு ஒன்றுபோல் அமையவில்லை. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் மேற்குப் பஞ்சாப் 1948 இல் விவசாய நிலத்தையும் உள்ளடக்கி ஷரீஅத் சட்டம் இயற்றியது. மகளுக்கு நிலம் இல்லை என்ற வழக்காறு வேரூன்றியிருந்த மண்ணிலேயே அது சட்டத்தால் வீழ்த்தப்பட்டது. கேரளம் 1963 இல் தன் மாநிலம் முழுமைக்கும் அவ்வாறே திருத்தியது. உத்தரப்பிரதேசத்திலோ, 1950 ஆம் ஆண்டின் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் விவசாய நிலத்துக்கெனத் தனியே ஒரு வாரிசு வரிசையை வகுத்தது. அதில் மகன்களுக்குப் பின்னரே மகள்கள் நிறுத்தப்பட்டனர். எந்தச் சமயத்தவராயினும் இதே வரிசைதான். 2006 இல் இயற்றப்பட்ட அம்மாநில வருவாய்ச் சட்டத் தொகுப்பும் பெரிதும் அந்த வரிசையையே தழுவியது. லக்னோவின் முஸ்லிம் மகளுக்கு நகரத்து வீட்டில் ஷரீஅத் பங்கும், கிராமத்து வயலில் வேறொரு விதியும் என்ற நிலை இவ்வாறு உருவானது.

1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், பொதுப்பட்டியலில் வாரிசுரிமையை விவசாய நில விலக்கு ஏதுமின்றியே சேர்த்தது. எனவே, அடைப்புக்குறியை நாடு முழுமைக்கும் நீக்க நாடாளுமன்றத்துக்கு அன்றே வாயில் திறந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் விவசாய நிலச் சட்டங்களுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. 1937 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அத்தகைய மத்தியத் திருத்தம் வரவில்லை. ஒரு மாநிலத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் மகளின் பங்கு மாறிவிடும் நிலையைக் காணும்போது, 1949 இல் சென்னை செய்த திருத்தத்தின் அருமை நமக்கு விளங்கும்.

வந்து போன வரி

மரணச் சொத்து வரியின் எஞ்சிய வரலாற்றையும் சுருக்கமாகக் காண்போம். 1946, 1948 ஆம் ஆண்டுகளின் மசோதாக்கள் நிறைவேறாமல் போயின. விடுதலை பெற்ற இந்தியாவில், நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் காலத்தில் மரணச் சொத்து வரிச் சட்டம் நிறைவேறி, 1953 அக்டோபர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 1894 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமே அதற்கு மாதிரி. அரசியலமைப்பிலும் பழைய கோடு நீடித்தமையால், விவசாய நிலத்தின் மீதான வரி, தீர்மானம் நிறைவேற்றி இசைவளித்த மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தியது.

அச்சட்டத்தில் நமக்குத் தொடர்புடைய நுட்பம் ஒன்று உண்டு. மிதாட்சரக் கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், குடும்பச் சொத்தில் அவருடைய பங்கு மட்டுமே கைமாறும். முஸ்லிம் ஒருவர் இறந்தாலோ, அவருடைய சொத்து முழுவதும் கைமாறும். ஏனெனில், தந்தை உயிரோடிருக்கும்வரை மகனுக்குப் பிறப்புரிமை என்று எதுவும் ஷரீஅத்தில் இல்லை. இந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் வகையில், கூட்டுக் குடும்பப் பங்குக்கு 50,000 ரூபாய் வரையிலும், பிற சொத்துகளுக்கு 1,00,000 ரூபாய் வரையிலும் வரி இல்லை என முதலில் வகுக்கப்பட்டது. 1958 ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லோருக்கும் 50,000 ரூபாய் என ஒரே வரம்பை வைத்தது. அத்துடன், கூட்டுக் குடும்பத்தில் இறந்தவருடைய வழித்தோன்றல்களின் பங்குகளையும் விகிதக் கணக்குக்காகச் சேர்த்துக் கொள்ளும் பிரிவையும் கொண்டுவந்தது.

மரணத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் செய்த கொடைகளையும் அச்சட்டம் சொத்தோடு சேர்த்தே கணக்கிட்டது. இறக்கும் தறுவாயில் சொத்தை எழுதிக்கொடுத்து வரியைத் தவிர்ப்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது. மரண நோயில் செய்யும் கொடை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும், பிற வாரிசுகளின் இசைவின்றி ஒரு வாரிசுக்கு மட்டும் செல்லாது என்றும் நம் ஃபிக்ஹு நூல்கள் விதித்திருப்பதை இங்கு ஒப்புநோக்கலாம். அரசு தன் வரியைக் காக்க வகுத்த விதியை, ஷரீஅத் வாரிசுகளின் பங்கைக் காக்க நெடுங்காலம் முன்பே வகுத்திருந்தது.

1960களில் இவ்வரியின் உச்ச விகிதம், 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 85 சதவீதம் என்ற அளவை எட்டியது. ஆயினும் கருவூலத்துக்குச் சேர்ந்தது சொற்பமே. 1985 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் வி.பி. சிங், இவ்வரியால் கிடைப்பது சுமார் 20 கோடி ரூபாய் மட்டுமே, அதை வசூலிக்கும் செலவோ அதிகம் என்று எடுத்துக்காட்டி அதைக் கைவிட்டார். 1985 மார்ச் 16 அன்றும் அதற்குப் பின்னரும் நிகழ்ந்த மரணங்களுக்கு இந்த வரி இல்லை.

வேலி நீங்கிய பின்னும்

ஆக, 1949 இல் நம் மாகாணத்தில் வழக்காற்றின் தடை போயிற்று. 1985 இல் அரசின் வரியும் போயிற்று. இறந்தவரின் நிலத்துக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் இடையே இன்று சட்டத்தின் சுவர் எதுவும் இல்லை. இருப்பினும், ஒவ்வொரு மகளும் தன் பங்கு நிலத்தைப் பெற்றுவிட்டாள் என்று நாம் நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமா?

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 4 ஏக்கர், அதாவது 400 சென்ட் நஞ்சையை விட்டு இறக்கிறார். பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் உள்ளனர். அடக்கச் செலவு, கொடுபடாத மஹர் உள்ளிட்ட கடன்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியன தீர்ந்து, முழு நிலமும் எஞ்சுவதாகக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு: 50 சென்ட். எஞ்சிய 350 சென்ட்டை ஐந்து கூறாக்கினால் கூறுக்கு 70 சென்ட். மகன்களுக்குத் தலா 140 சென்ட், மகளுக்கு 70 சென்ட். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது. இந்த 70 சென்ட்டும் தாயின் 50 சென்ட்டும்தான் பல குடும்பங்களில் எழுதப்படாமலே போகின்றன.

அவை பல வழிகளில் மறைகின்றன. 'அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்றே' என்பது ஒரு வழி. கடற்கரை ஊர்கள் சிலவற்றில், 'அவளுக்கு வீடு கொடுத்தாயிற்றே' என்பது இன்னொரு வழி. தந்தை வாழும்போது மனமுவந்து கொடுத்தது ஹிபா. அவர் இறந்த பின் வருவது மீராஸ். முன்னது பின்னதை அழிப்பதில்லை. மற்றொரு வழி, தந்தை இருக்கும்போதே, 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று மகளிடம் கையெழுத்து வாங்குவது. இறக்காதவரின் சொத்தில் யாருக்கும் வாரிசுரிமை பிறப்பதில்லை. பிறக்காத உரிமையை விட்டுக்கொடுக்கவும் இயலாது. சென்னை உயர் நீதிமன்றமே, ஆசா பீவி எதிர் கருப்பன் செட்டி என்னும் வழக்கில், அத்தகைய முன்கூட்டிய விடுதலை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1918 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைத் தொகுதியில் அத்தீர்ப்பைக் காணலாம். ஆனால், உரிய ஈட்டைப் பெற்றுக்கொண்டு விலகியவர் பின்னர் மீண்டும் பங்கு கோரித் தம் சொல்லை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் குலாம் அப்பாஸ் வழக்கிலும், 2011 இல் ஷெகம்மாள் வழக்கிலும் கூறியுள்ளது. ஆகவே, கையெழுத்திடுமுன் என்ன பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்பதை நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். அறியச் செய்வது நம் கடமை.

எல்லாவற்றினும் பெரிய வழி காலத்தாழ்வு. பட்டா பாட்டனார் பெயரிலேயே கிடக்கும். மூத்தவர் பயிர் வைப்பார்; மகசூல் ஒரு வீட்டுக்கே போகும். கேட்டால் உறவு கெடும் என்று சகோதரி வாய் திறக்கமாட்டாள். ஒரு தலைமுறை கழிந்தால் அவளுடைய பிள்ளைகளுக்குச் சர்வே எண்ணும் தெரியாது. நீதிமன்றம் ஏறினாலும் காலமும் பொருளும் கரையும். எந்தச் சட்டமும் விதிக்காத வரியை இங்கு நாமே நம் சகோதரியின் மீது விதிக்கிறோம். அரசின் வரிக்காவது ஒரு வரம்பும் விகிதமும் இருந்தன. இந்த வரியோ நூற்றுக்கு நூறு.

விரும்பி விட்டுக்கொடுப்பது வேறு. அது அவளுடைய உரிமை. ஆனால், பங்கை முதலில் அளந்து, அவள் பெயரில் எழுதி, அவள் கையில் கொடுத்த பின் அவள் விட்டுக்கொடுத்தால்தான் அது விட்டுக்கொடுத்தல் ஆகும். கொடுக்காததை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

நம் மஹல்லாவின் பொறுப்பு

மய்யித்தை அடக்கம் செய்யும்வரை ஊரே அக்குடும்பத்தோடு நிற்கிறது. அடுத்த சில மாதங்களிலும் ஜமாஅத் அக்குடும்பத்தோடு நிற்க வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம். இறந்தவரின் கடன், மஹர், வஸிய்யத், நிலங்களின் சர்வே எண், வாரிசுகளின் பெயர் ஆகியவற்றைக் காலத்தே எழுதி வைக்கக் குடும்பத்துக்கு உதவலாம். ஆலிம்களைக் கொண்டு பங்கைக் கணக்கிட்டு எழுத்தில் தரலாம். வாரிசுச் சான்றிதழ் பெறவும், பெண் வாரிசுகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா மாற்றவும், பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யவும் வழிகாட்டலாம். விடுதலைப் பத்திரம் எழுத நேர்ந்தால், அந்தப் பெண்ணிடம் தனியே கேட்டு, அவள் மனம் அறிந்த பின்னரே ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.

1937 இல் சட்டத்தில் அடைப்புக்குறி போட்டவர்கள் மறைந்துவிட்டனர். 1949 இல் அதை அழித்தவர்களும் மறைந்துவிட்டனர். நம் உள்ளத்தில் இன்னும் ஓர் அடைப்புக்குறி இருக்குமானால், அதை அழிக்கச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. உரியவருக்கு உரியதை உயிரோடிருக்கும்போதே ஒப்படைக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.